இலத்தீன் ஓதல்: டொலேடோவிலிருந்து அம்பிட்டிய வரை

வலப்பனையிலிருந்து ரிக்கில்லகஸ்கட, ஹங்குராங்கெத்த, தலாத்துஓயா என்று இறங்கிக் கண்டிக்குப் போகிறவர்கள், நகருக்குள் நுழைய முன்னர் அம்பிட்டியவைத் தாண்டித்தான் போக வேண்டும். 1893இல் பாப்பரசர் 13ஆம் லியோ, இந்தியாவுக்கும் இலங்கைக்கும் சுதேசக் குருமாரை உருவாக்க வேண்டும் என்று ஒரு குருமடத்தை ஏற்படுத்தியது இந்த ஊரில்தான். யேசு சபையினர் அதை நடத்தினார்கள். 1955இல் அந்தக் குருமடம் இந்தியாவின் பூனா நகருக்கு மாறிப் போனது. அதே இடத்தில் இப்போது இலங்கைக் கத்தோலிக்கரின் தேசிய குருமடம் இருக்கிறது. அறுபது வருடத்துக்கு மேலாக, வெவ்வேறு தாய்மொழி பேசும் இளைஞர்கள் இந்த மலைச்சரிவில் ஒன்றாக இருந்து இலத்தீனிலே படித்தார்கள், இலத்தீனிலே வணங்கினார்கள்.

இதற்கும் முன்னரே இந்த மலைநாட்டோடு தொடர்புபட்ட இன்னொரு துறவியர் கூட்டம் உண்டு. இத்தாலியின் பப்ரியானோ ஊருக்குப் பக்கத்தில் மொண்டே பானோ என்ற மலையில், 1231இல் சில்வெஸ்திரோ கொஸ்ஸொலினி என்பவர் தொடங்கிய சில்வெஸ்திரின் பெனடிக்ட் சபை அது. அந்தச் சபையின் யோசேப் பிராவி 1845இல் இலங்கைக்கு வந்தார். 1886இல் கண்டி தனி மறைமாவட்டமானபோது முதல் ஆயராக இருந்தவரும் அதே சபையைச் சேர்ந்த கிளெமென்ட் பஞ்ஞானி. நுவரெலியா மாவட்டம் முழுவதும் இந்த மறைமாவட்டத்துக்குள் வருகிறது. ஆகவே வலப்பனை, இராகலைப் பக்கத்துத் தோட்டங்களில் எங்கள் ஆட்கள் 'வேதக்காரர்' என்று சொல்லும் மக்களின் சிறு கோயில்களும், ஆறாம் நூற்றாண்டு பெனடிக்ட் துறவியின் மரபும் ஒரே நூலில் கட்டப்பட்டவை. அந்த மரபின் உயிர்நாடி ஓதல்.

ஓதல் என்ற சொல்லை வேண்டுமென்றேதான் போடுகிறேன். 'கிரகோரியன் இசை' என்று புத்தகங்களில் வருவதைப் 'பாட்டு' என்று மொழிபெயர்த்தால் எம்மவர் மனதில் வேறொன்று தோன்றும். அதில் வாத்தியம் இல்லை. தாளக்கட்டு இல்லை. ஒரே நேரத்தில் வெவ்வேறு சுரங்களில் பாடும் மேலைத்தேய வழக்கமும் இல்லை. பத்துப் பேர் நின்றாலும் நூறு பேர் நின்றாலும் எல்லோரும் ஒரே சுரத்தில், சொல்லின் நீளத்துக்கேற்ப நகரும் ஒரே குரலில் நிற்பார்கள். கேட்கிறவருக்கு முதலில் எட்டுவது வேதச்சொல். சுரம் அந்தச் சொல்லைத் தூக்கிப் பிடிக்க மட்டும் வருகிறது. ஒரு தேர்ந்த காரியின் கிறாஅத்தைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது அவ்வளவு அந்நியமாகப் படாது.

அவர்கள் ஓதுவது என்ன? பெரும் பகுதி 150 சங்கீதங்கள். அதாவது நாம் ஸபூர் என்று அறிந்த, தாவூத் நபி (அலை) அவர்களோடு இணைத்துப் பேசப்படும் துதிகளின் தொகுதி. இன்று அவர்கள் கையிலுள்ள வடிவம் பற்றி நமக்கு வேறு கருத்து இருப்பது தெரிந்ததே. அந்த விவாதம் இங்கே வேண்டாம். மலைகளும் பறவைகளும் தாவூத் நபியோடு சேர்ந்து துதித்ததாக அல்குர்ஆன் சொல்கிறது. அழகிய குரலில் ஓதிய அபூமூஸா அல்-அஷ்அரீ (றழி) அவர்களைப் புகழும்போது, தாவூதின் குடும்பத்தாருக்குக் கிடைத்த குழலிசையில் ஒரு பங்கு அவருக்குக் கிடைத்ததாக நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள் என்பது ஹதீஸ் நூல்களில் வருகிறது. அந்தப் பெயரின் வழியாக ஐரோப்பியத் துறவியரும் நாமும் ஒரே திண்ணையில் உட்கார்கிறோம்.

பெனடிக்ட் எழுதிய விதிநூல் ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஒரு வாரத்துக்குள் 150 சங்கீதங்களையும் முடித்துவிட வேண்டும் என்று அது கட்டளையிடுகிறது. அதற்காக நாள் எட்டாகப் பிரிக்கப்பட்டது: நடுநிசி தாண்டிய இரவு வணக்கம், விடியல், முதலாம் மணி, மூன்றாம் மணி, ஆறாம் மணி, ஒன்பதாம் மணி, அந்தி, உறங்குமுன். கழனியில் வேலை செய்கிற துறவிகூட மணியடித்தால் மண்வெட்டியை வைத்துவிட்டு வரவேண்டும். நமது ஐவேளைத் தொழுகையோடு இதை அப்படியே ஒப்பிட முடியாது. நமது தொழுகை கடைக்காரர், விவசாயி, கொழுந்து பறிக்கிறவர் என்று எல்லோர் மீதும் கடமை. இவர்களுடையதோ உலகைத் துறந்த ஒரு கூட்டத்தின் விரதம். துறவறத்தை இஸ்லாம் விதிக்கவில்லை, அது அவர்கள் தாமாக ஏற்படுத்திக் கொண்டது என்று அல்-ஹதீத் அத்தியாயத்தின் 27ஆம் வசனம் சொல்கிறது. அதேவேளை குருமாரும் துறவிகளும் பெருமையடிக்காதவர்கள் என்று அல்-மாயிதாவின் 82ஆம் வசனம் பேசுகிறது. இரண்டு வசனங்களையும் சேர்த்து வைத்துக்கொண்டு படித்தால் இந்த வரலாற்றை வெறுப்பும் இல்லாமல் மயக்கமும் இல்லாமல் படிக்கலாம்.

ஓதும் முறையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மடாலயக் கோயிலில் துறவிகள் இரண்டு பக்கமாக எதிரெதிரே நிற்பார்கள். ஒரு வசனத்தை வலப்பக்கத்தார் ஓத, அடுத்ததை இடப்பக்கத்தார் ஓதுவார்கள். முதல் வசனத்தின் தொடக்கத்தில் சிறிய ஏற்றம் ஒன்று; ஒவ்வொரு வசனத்திலும் நீண்ட நேரம் ஒரே சுரம், நடுவில் சிறிய வளைவு, மறுபடி அதே சுரம், கடைசியில் ஓர் இறக்கம். நடுவில் எல்லோரும் சேர்ந்து மூச்சு விடுகிற இடைவெளி ஒன்று உண்டு. நமக்கு வக்ஃபு எப்படியோ அவர்களுக்கு அது அப்படி. சில விசேட ஓதல்களில் இதற்கு நேர்மாறாக, ஒரேயோர் எழுத்தின் மீது ஐம்பது அறுபது சுரங்கள் ஓடும். 'அல்லேலூயா' என்ற எபிரேயச் சொல்லின் கடைசி அகரம்தான் அதற்குப் பேர்போன இடம். இலத்தீன் வணக்கத்துக்குள்ளே எபிரேயமும் கிரேக்கமும் மொழிபெயர்க்கப்படாமல் அப்படியே தங்கியிருக்கின்றன. 'ஆமீன்' நமக்கும் அவர்களுக்கும் பொது.

இந்த ஓதலுக்கு கிரகோரி என்ற பெயர் வந்தது ஒரு தனிக்கதை. பாப்பரசர் முதலாம் கிரகோரியின் காலம் 590 முதல் 604 வரை. நபி (ஸல்) அவர்களுக்கு வஹீ இறங்கத் தொடங்கிய 610ஆம் ஆண்டுக்குச் சற்று முந்தியவர். புறா ஒன்று அவர் தோளில் அமர்ந்து காதுக்குள் இந்த இராகங்களைச் சொன்னதாகப் பழைய சித்திரங்கள் காட்டுகின்றன. ஆனால் ஆய்வாளர்கள் இப்போது அதை ஏற்பதில்லை. எட்டாம் நூற்றாண்டில் பிராங்கு இராச்சியத்தின் மன்னர் பெப்பினும் அவர் மகன் சார்லமேனும் தம் ஆட்சிப் பரப்பெங்கும் ரோமாபுரியின் வழிபாட்டு முறையைக் கொண்டுவர முயன்றார்கள். சார்லமேன் 789இல் இதற்கென ஆணையே போட்டார். ரோமிலிருந்து வந்த ஓதலும் பிராங்கு நாட்டு ஓதலும் கலந்து உருவான புதிய வடிவத்துக்கு ஒரு பெரியவரின் பெயர் தேவைப்பட்டது. கிரகோரியின் பெயர் ஒட்டிக்கொண்டது. பாக்தாத்தின் ஹாரூன் அர்-ரஷீதுக்கு தூதனுப்பிய அதே சார்லமேன்தான் இவர்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த இடம் வருகிறது. அத்தனை இராகங்களும் அக்காலத்தில் எழுத்தில் இல்லை. 636இல் இறந்த செவில் நகரத்து ஆயர் இசிதோர், நபி (ஸல்) அவர்களின் சமகாலத்தவர். மனிதன் நினைவில் வைத்திருக்காவிட்டால் ஒலி அழிந்து போகும், ஏனெனில் அதை எழுதி வைக்க வழியில்லை என்ற கருத்தை அவர் எழுதி வைத்திருக்கிறார். ஆசிரியரின் வாயிலிருந்து மாணவனின் காதுக்கு. அங்கிருந்து அவன் நாவுக்கு. சுருக்கமாகச் சொன்னால் பாடமாக்குதல். ஹிப்ளு மத்ரஸாவைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஒன்பதாம் நூற்றாண்டில்தான் சொற்களுக்கு மேலே சிறுசிறு கோடுகளும் கொக்கிகளும் போடும் வழக்கம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் சங்க் காலன் மடாலயத்தில் உள்ள, 922 – 925 அளவில் எழுதப்பட்ட ஒரு கையெழுத்துச் சுவடி இதில் பெயர் பெற்றது. அந்தக் குறிகள், குரல் ஏறுகிறதா இறங்குகிறதா, எங்கே நீட்ட வேண்டும், எங்கே விரைய வேண்டும் என்பதையெல்லாம் மிக நுணுக்கமாகச் சொல்கின்றன. ஆனால் எந்தச் சுரத்தில் தொடங்குவது, எவ்வளவு தூரம் ஏறுவது என்று சொல்வதில்லை. ஏற்கெனவே பாடமாக்கியவருக்கு அது ஞாபகமூட்டும் குறி. மற்றவருக்கு வெறும் பூச்சிக்கால்.

நமது ஆரம்பகால முஸ்ஹஃபுகளை நினைத்துப் பாருங்கள். உஸ்மான் (றழி) அவர்கள் காலத்து எழுத்தில் புள்ளியும் இல்லை, ஹறகத்தும் இல்லை. அபுல் அஸ்வத் அத்-துஅலீ தொடங்கி கலீல் இப்னு அஹ்மத் வரையான அறிஞர்கள் படிப்படியாகக் குறிகளைச் சேர்த்தார்கள். எழுத்தை மட்டும் வைத்து ஓதிவிடலாம் என்று அன்று யாரும் நினைக்கவில்லை. உஸ்தாதின் வாய் வேண்டும். சங்க் காலனில் ஒரு துறவி அந்தச் சுவடியை எழுதிக் கொண்டிருந்த அதே வருடங்களில், பாக்தாத்தில் இப்னு முஜாஹித் (மறைவு ஹிஜ்ரி 324, கி.பி. 936) ஏழு கிறாஅத்துக்களைத் தொகுத்த தமது நூலோடு புகழில் இருந்தார். ஒருவரையொருவர் அறியாத இரண்டு மூலைகளில் ஒரே கவலை.

ஆனால் இரண்டு மரபுகளும் கவலையைத் தீர்த்த விதம் வேறு. நமது தஜ்வீத் கலை, எழுத்து வாயில் எங்கிருந்து பிறக்க வேண்டும், மத்து எத்தனை அளவு, எங்கே நிறுத்தலாம் என்று மயிரிழை பிசகாமல் வரையறுத்தது. இராகத்தை வரையறுக்கவில்லை. அதை ஓதுகிறவரின் குரலுக்கும் உள்ளத்துக்கும் விட்டது. எகிப்தியக் காரியும் இந்தோனேசியக் காரியும் வேறு வேறு குரலில் ஓதலாம். ஒரு ளாத் மாறக்கூடாது. இலத்தீன் மரபோ இராகத்தையும் சட்டமாக்கியது. சட்டமாக்கியதால் அதை எழுதித்தான் ஆகவேண்டும் என்ற நெருக்கடி வந்தது. ஐரோப்பாவின் இசைக்குறியீடு, அதன் மேல் எழுந்த பின்னாளைய பெரும் இசைக் கட்டடங்கள் எல்லாமே இந்த நெருக்கடியிலிருந்து பிறந்தவை என்பது என் எண்ணம்.

அந்த நெருக்கடியைத் தீர்த்தவர் இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்துக் குயிதோ. பதினோராம் நூற்றாண்டின் முதற்பகுதியில் வாழ்ந்தவர். அடிப்படையில் நம்மைப்போல ஒரு வாத்தியார்! பத்து வருடம் சொல்லிக் கொடுத்தும் பையன்கள் தாமாக ஓர் ஓதலைப் பார்த்துப் பாட முடியவில்லையே என்ற எரிச்சல் அவர் எழுத்தில் தெரிகிறது. கோடுகளை வரைந்து, ஒவ்வொரு கோட்டுக்கும் இடைவெளிக்கும் ஒரு சுரம் என்று ஒழுங்கு செய்தார். சுரங்களை ஞாபகம் வைக்க, யோவான் ஸ்நாபகர் மீதான ஒரு பழைய துதியை எடுத்துக்கொண்டார். நாம் யஹ்யா நபி (அலை) என்று சொல்கிறவர்தான் யோவான். அத்துதியின் ஆறு அடித்தொடக்கங்களும் ஒவ்வொரு சுரமாக ஏறிப் போகும். அந்த ஆறு தொடக்க அசைகளே ஊத், ரே, மி, ஃபா, சோல், லா. பத்து வருடப் படிப்பை ஒன்று, இரண்டு வருடமாகக் குறைத்துவிட்டேன் என்று குயிதோ பெருமைப்பட்டுக் கொண்டார். பாவம், அவருடைய சொந்த மடாலயத்தில் பொறாமை பிடித்து அவரை இருக்கவிடவில்லை. ஆசிரியர் அறைகள் எல்லாக் காலத்திலும் ஒன்றுதான் போலும்.

அந்தச் சுரப்பெயர்கள் அரபியிலிருந்து வந்தவை, தால், றே, மீம், ஃபே, ஸாத், லாம் என்ற எழுத்துக்களே அவை என்று ஒரு கருத்தும் உண்டு. 1680இல் மெனின்ஸ்கி என்பவரும் 1780இல் பிரெஞ்சுக்காரர் லா போர்டும் இதை எழுதினார்கள். நம்மவர் மேடைகளில் இது அடிக்கடி கைதட்டலுக்குப் பயன்படுகிறது. கைதட்டுமுன் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அப்படி எழுத்துக்களைச் சுரப்பெயராகப் பயன்படுத்திய, குயிதோவுக்கு முந்திய அரபு நூல் எதையும் இதை எழுதியவர்கள் காட்டவில்லை. ஃபாராபியின் 'கிதாபுல் மூஸீக்கா அல்-கபீர்' போன்ற உண்மையான பெருமை நம்மிடம் இருக்கும்போது சந்தேகமான பெருமை என்னத்துக்கு?

மார்க்க அடிப்படையில் பார்த்தால் இரண்டு சமூகங்களையும் ஒரே கேள்வி உறுத்தியிருக்கிறது. இராகம் வேதத்துக்குப் பணிவிடை செய்கிறதா, இல்லை அதை விழுங்கிவிடுகிறதா? இன்றைய அல்ஜீரியாவின் அன்னாபா நகரில் ஆயராக இருந்து 430இல் இறந்த அகுஸ்தீன், தன் வாழ்க்கைக் குறிப்பில் இதைப்பற்றி வெளிப்படையாக எழுதியிருக்கிறார். ஓதப்படும் பொருளைவிட ஓதும் குரல் தன்னை அதிகமாக உருக்கிவிடும் போது அதைப் பாவமாகவே கருதுவதாகவும், அப்போது கேட்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றுவதாகவும் சொல்கிறார். ஆனாலும் பலவீனமான உள்ளங்களைத் துதியின் பக்கம் இழுப்பது குரல்தான் என்று ஒத்துக்கொண்டு, பாடும் வழக்கத்தை விட்டுவிட மனம் வராமல் நிற்கிறார். நமது இமாம்களிடையே இதே தராசு ஆடியது. குர்ஆனை இராகமிட்டு ஓதுவதை இமாம் மாலிக் வெறுத்தார். குரலால் குர்ஆனை அழகுபடுத்துமாறு வந்த ஹதீஸை முன்வைத்து அனுமதித்தவர்களும் இருந்தார்கள். இப்னுல் கையிம் 'ஸாதுல் மஆத்' நூலில் இரு தரப்பு ஆதாரங்களையும் விரிவாக வைத்துவிட்டு, இயல்பாக எழும் குரலழகு கூடும், பாடகர்களின் செயற்கைச் சந்தங்களுக்குள் வேதத்தை அடைப்பது கூடாது என்று பிரித்துச் சொல்கிறார். அகுஸ்தீனும் இப்னுல் கையிமும் ஒரு மேசையில் உட்கார்ந்திருந்தால் நிறையப் பேசியிருப்பார்கள்.

ஓதலை எவ்வளவு பெரிதாக அம்மக்கள் எண்ணினார்கள் என்பதற்கு ஜேர்மனியின் ஹில்டெகார்டு (1098 – 1179) ஒரு சாட்சி. பிங்கன் நகருக்கு அருகே கன்னியர் மடமொன்றின் தலைவி. தாமே துதிகள் இயற்றி இராகமும் அமைத்தவர். மூலிகை மருத்துவம் பற்றி எழுதியவர். 1178இல், ஒருகாலத்தில் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டிருந்த ஒரு பிரபுவைத் தன் மடத்து மையவாடியில் அடக்கம் செய்ய அனுமதித்தார். அவர் இறக்குமுன் மன்னிப்புப் பெற்றுவிட்டார் என்பது ஹில்டெகார்டின் வாதம். மயின்ஸ் நகரத்து மேலதிகாரிகள் சடலத்தைத் தோண்டி வெளியே போடச் சொன்னார்கள். எண்பது வயதான அந்த அம்மையார் மறுத்தார். தண்டனை என்ன தெரியுமா? அந்த மடத்தில் இனி ஓதல் கூடாது. மெதுவாக வாசிக்க மட்டும் செய்யலாம். அதற்கு அவர் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. ஆதம் (அலை) சுவர்க்கத்தில் வானவர்களோடு சேர்ந்து துதித்த குரலை மனிதன் இழந்துவிட்டான், அந்தக் குரலின் ஞாபகமே துதியோதல், அதனால்தான் ஷைத்தானுக்கு அது பொறுப்பதில்லை, ஓதலைத் தடுப்பவர்கள் தாங்கள் யாருடைய வேலையைச் செய்கிறோம் என்று யோசிக்கட்டும் என்ற தோரணையில் அக்கடிதம் போகிறது. அடுத்த வருடம் தடை நீங்கியது. சில மாதங்களில் அவர் இறந்துபோனார். சடலத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை.

இனி ஸ்பெயினுக்கு வருவோம். நம் வாசகர்களுக்கு அந்தலுஸின் கட்டடக்கலை தெரியும், இப்னு ருஷ்தைத் தெரியும். 711க்குப் பிறகு முஸ்லிம் ஆட்சியின் கீழ் வாழ்ந்த கிறிஸ்தவர்களின் ஓதல் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அவர்களுக்கு ரோமாபுரியின் ஓதலிலிருந்து வேறுபட்ட, இசிதோரின் காலத்துக்கு முன்பிருந்தே வந்த சொந்த மரபொன்று இருந்தது. அரபுமயமானவர் என்ற பொருளில் 'முஸ்தஃரிப்' என்ற சொல்லிலிருந்து அவர்களுக்கு மொசராபியர் என்ற பெயர் வந்தது; அவர்களின் ஓதலும் அப்பெயராலேயே வழங்குகிறது. 854 அளவில் குர்துபாவின் அல்வாரோ என்ற கிறிஸ்தவர், நம் இளைஞர்கள் அரபுக் கவிதையில் மூழ்கிக் கிடக்கிறார்கள், இலத்தீனில் ஒழுங்காக ஒரு கடிதம் எழுதத் தெரியவில்லை என்று புலம்பியிருக்கிறார். ஆங்கிலமோகம் பற்றி நம் தமிழ்த்தினப் போட்டி மேடைகளில் கேட்கும் அதே புலம்பல்.

அந்தலுஸை வெறும் பொற்காலமாகக் காட்ட நான் தயாரில்லை. அதே 850களில் குர்துபாவில் 48 கிறிஸ்தவர்களுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அவர்களில் பலர் வேண்டுமென்றே நீதிமன்றத்துக்குப் போய் நபியை நிந்தித்தவர்கள் என்பதும் உண்மை. பிற்காலத்தில் முவஹ்ஹிதூன் ஆட்சியில் கிறிஸ்தவர்களுக்கும் யூதர்களுக்கும் கடும் நெருக்கடி. ஆனாலும் ஓதலைப் பொறுத்தவரை ஒரு விசயம் மறுக்க முடியாதது. டொலேடோவில் முந்நூற்றெழுபது வருட முஸ்லிம் ஆட்சியில் அந்தப் பழைய ஓதல் உயிரோடு இருந்தது. அதற்கு ஆபத்து வந்தது கிறிஸ்தவ மன்னரிடமிருந்து.

காஸ்தில் மன்னர் ஆறாம் அல்போன்சோ ரோமாபுரியோடு நெருங்க விரும்பினார். பாப்பரசர் 7ஆம் கிரகோரி, ஸ்பெயின்காரர் தங்கள் பழைய முறையை விட்டு ரோமன் முறைக்கு வரவேண்டும் என்று நெருக்கினார். 1080இல் பூர்கோஸ் சங்கம் அதைத் தீர்மானமாக்கியது. 1085இல் டொலேடோ அல்போன்சோவின் கைக்குப் போனது. ஸ்பெயின் மக்கள் இதைப்பற்றி ஒரு கதை சொல்வார்கள். இரண்டு முறையின் நூல்களையும் நெருப்பில் போட்டார்களாம். பழைய நூல் எரியாமல் கிடந்ததாம். மன்னர் அதைக் காலால் நெருப்புக்குள் தள்ளிவிட்டு ரோமன் நூலே வென்றது என்றாராம். ராஜா நினைத்தால் சட்டம் அப்படித்தான் போகும் என்று அங்கே இதை வைத்து ஒரு பழமொழியும் உண்டு. டொலேடோவின் ஆறு பழைய பங்குகளுக்கு மட்டும் சலுகை கிடைத்தது. பிற இடங்களில் மொசராபிய ஓதல் நின்றது.

நின்ற காலம்தான் விதி. குயிதோவின் கோட்டுமுறை ஸ்பெயினுக்குப் பரவுமுன்னே அது நின்றுவிட்டது. லெயோன் பேராலயத்தில் பத்தாம் நூற்றாண்டுச் சுவடியொன்று இருக்கிறது. ஆயிரக்கணக்கான ஓதல்கள், வரிக்கு வரி நுணுக்கமான குறிகள், கண்ணைப் பறிக்கும் எழுத்து. சொற்களை வாசிக்கலாம். குரல் எங்கே ஏறுகிறது எங்கே இறங்குகிறது என்பதைக்கூடச் சொல்லலாம். ஆனால் பாட முடியாது. குறியைப் பார்த்து ஞாபகப்படுத்திக் கொள்ளக்கூடிய ஆள் இல்லை. மொத்த மரபில் இன்று சுரம் தெரிந்து பாடக்கூடியவை இருபது சொச்சம். 1500இலும் 1502இலும் கார்டினல் சிஸ்னெரோஸ் அந்த முறையின் நூல்களை அச்சிட்டு, டொலேடோ பேராலயத்தில் அதற்கென ஒரு சிற்றாலயமும் ஏற்படுத்தினார். வழிபாடு அங்கே இன்னும் நடக்கிறது. ஆனால் அவர் காலத்தில் எழுதப்பட்ட இராகங்கள் பழையவற்றிலிருந்து வெகுதூரம் விலகியவை என்பது ஆய்வாளர்களின் கருத்து. (இதே சிஸ்னெரோஸ்தான் கர்னாத்தாவில் அரபு நூல்களைக் குவித்து எரித்தவர். ஒருவருடைய கையே ஒன்றைக் காப்பாற்றியது, இன்னொன்றைக் கொளுத்தியது.)

ரோமன் ஓதலும் பின்னர் சிதைந்துதான் போனது. பிரான்சின் சொலெம் மடாலயம் 1833இல் மீண்டும் தொடங்கப்பட்டபின், அங்குள்ள துறவிகள் பழைய சுவடிகளைத் தேடிப் படமெடுத்து, 1889 முதல் வெளியிட்டு, ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் திருத்தினார்கள். சி.வை. தாமோதரம்பிள்ளையும் உ.வே. சாமிநாதையரும் ஏடு தேடியலைந்த அதே காலம். 1903 நவம்பர் 22இல் பாப்பரசர் 10ஆம் பயஸ், கிரகோரியன் ஓதலே வழிபாட்டிசைக்கு அளவுகோல் என்று உலகமெங்கும் உள்ள கத்தோலிக்கருக்கு ஆணையிட்டார். அந்த ஆணையின் நிழல் அம்பிட்டியவிலும் விழுந்தது, அங்கிருந்து பூசை வைக்கப் போன குருமாரோடு வெகுதூரம் பயணமும் போனது. பிறகு 1963 டிசம்பர் 4இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாடு பற்றிய தன் ஆவணத்தை வெளியிட்டது. கிரகோரியன் ஓதலுக்கு முதலிடம் என்று அதிலும் இருக்கிறது. ஆனால் தாய்மொழிக்குத் திறந்த கதவு வழியாகச் சில வருடங்களுக்குள் இலத்தீன் வெளியே போய்விட்டது. தமிழும் சிங்களமும் மேளமும் ஆர்மோனியமும் உள்ளே வந்தன.

என்னோடு படிப்பிக்கும் கத்தோலிக்க ஆசிரியை ஒருவரின் தாத்தா, தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியவர். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். சாகும்வரை பூசையின் இலத்தீன் பதில்கள் முழுவதும் அவருக்குத் தெரியுமாம். ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாது. "அர்த்தம் தெரிஞ்ச பிறகு எனக்குப் பூசையிலே அழுகை வர்றதில்ல தாயி" என்று அவர் சொன்னதாக அந்த டீச்சர் சொன்னபோது, சிரிப்பதா யோசிப்பதா என்று தெரியவில்லை. கத்தோலிக்கர் செய்தது பிழை என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. லயத்தில் பிறந்தவர் தன் மொழியில் இறைவனோடு பேசுவது சிறிய விசயமல்ல. நான் மத்ரஸாவில் பின்னேரம் தமிழ் படிப்பிக்கும்போது பத்து வயதுப் பையன் ஒருவன், "சேர், வெளங்காம ஓதினா எப்பிடி நன்மை?" என்று கேட்டான். ஓர் எழுத்துக்குப் பத்து நன்மை என்ற ஹதீஸைச் சொன்னேன். கூடவே தர்ஜுமா வகுப்புக்கும் அனுப்பினேன். இரண்டில் ஒன்றை விடச்சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் ஒன்றைத் தேர்ந்தார்கள். நாம் இரண்டையும் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

ஒன்று மட்டும் முழுக்கப் போகவில்லை. நற்கருணை ஆராதனையில் பாடும் 'தந்தும் எர்கோ' என்ற இலத்தீன் துதி தமிழாக்கப்பட்டு இன்றும் தமிழ்க் கோயில்களில் கேட்கிறது. அதை எழுதியவராகச் சொல்லப்படுபவர் தோமா அக்குவினாஸ் (1225 – 1274). அரிஸ்டாட்டிலைப் படிக்க இப்னு ருஷ்தை மேசையில் வைத்திருந்தவர். பெரும்பாலும் 'உரையாசிரியர்' என்றே அவரைக் குறிப்பிட்டவர்.

இவ்வளவையும் எழுதத் தூண்டியது நம்முடைய வீட்டு விசயம்தான். குர்ஆனைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அதன் காவல் வேறு. ஆனால் இமாம் பூஸீரியின் புர்தாவை நம் ஊர்ப் பள்ளிகளில் எங்கள் மூத்தவர்கள் ஓதிய மெட்டுக்கள் இருக்கின்றனவே? மௌலிதில் இடையிடையே வரும் பைத்துகளின் மெட்டுக்கள், பெண்கள் வீட்டுக்குள் ஓதிய தலைப்பாத்திஹா முனாஜாத்துக்களின் மெட்டுக்கள்? மௌலித் ஓதலாமா கூடாதா என்று நமக்குள் நடக்கும் விவாதத்தில் நான் இறங்கவில்லை. ஓதக்கூடாது என்பவருக்கும் தன் மூத்தாப்பா எப்படி ஓதினார் என்பது வரலாறுதான். சொற்கள் அச்சில் பத்திரமாக இருக்கின்றன, லெயோன் சுவடியைப்போல. மெட்டு மனிதர்களிடம் இருக்கிறது. அந்த மனிதர்களின் வயது எழுபதைத் தாண்டிவிட்டது.

எங்கள் பக்கத்தில் புர்தாவை மூன்று மெட்டில் ஓதியிருக்கிறார்கள். இரண்டை, ஒரு முன்னாள் முஅத்தினாரைத் தேநீர் கொடுத்து உட்காரவைத்துக் கைத்தொலைபேசியில் பதிந்து வைத்திருக்கிறேன். றபீஉல் அவ்வல் பன்னிரண்டாம் இரவில் மட்டும் ஓதுவதாகச் சொல்லப்படும் மூன்றாவதின் முதல் இரண்டு அடிகள்தான் அவருக்கு ஞாபகத்தில் இருக்கின்றன. அது தென்னிந்தியாவிலிருந்து வந்த ஒரு லெப்பை கொண்டுவந்தது என்கிறார். கம்பளை, அக்குறணை, பதுளைப் பக்கத்திலோ, காயல்பட்டினத்திலோ, கீழக்கரையிலோ அந்த இரவுக்கென்று தனி மெட்டு தெரிந்தவர்கள் இருந்தால், சஞ்சிகை முகவரிக்கு ஒரு தகவல் எழுதிப் போடுங்கள். பதிவோடு நான் வந்து சேர்கிறேன்.